உளவாளிப் படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா? முதன்முறை முடிவெடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

பேய்ப் படம் தன்னைப் பேய்ப் படம் என்று சுவரொட்டியிலேயே சொல்லிவிடும். பெற்றோர் விழித்துக்கொள்ள அதுவே போதும். உளவாளிகளை மையமாகக் கொண்ட அதிரடிப் படம் அப்படிப்பட்டதன்று. கச்சிதமான கோட்டு அணிந்த கதாநாயகன், பளபளக்கும் கார், கடலோர மாளிகை, நடுநடுவே நகைச்சுவை என்று பார்வைக்கு மிக நாகரிகமாக இருக்கும். அந்த நாகரிகத்துக்குள்ளேயே நாற்பது ஐம்பது பேர் ஒரு சொட்டு ரத்தமும் தெரியாமல் செத்து விழுந்திருப்பார்கள். பதின்மூன்று வயது மகளோ பதினைந்து வயது மகனோ "வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்" என்று வந்து நிற்கும்போது, பெரும்பாலான பெற்றோர் சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள், அல்லது டிரெய்லரை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் திரையில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் சொல்லும். அடிபட்டவனுக்கு அடுத்த காட்சியில் என்ன ஆகிறது, அடித்தவனைப் பார்த்து நாம் என்ன உணர வேண்டும் என்று படம் விரும்புகிறது என்பதை அவை சொல்வதில்லை. பிள்ளையின் மனத்தில் தங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சங்கதிதான்.

கீழே உள்ள வழிமுறை, இத்தகைய முடிவை முதன்முறையாக எடுக்கும் பெற்றோருக்கும், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ள உறவினர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது. முதல் படத்துக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். பழகிய பிறகு கால்மணி நேரம் போதும்.

சான்றிதழில் எண்ணைவிட வரியை வாசியுங்கள்

தொடங்க வேண்டிய இடம் சான்றிதழ்தான். அதில் உள்ள வயது இரண்டு வகையாக இருக்கும்: ஒன்று பெற்றோருக்கான அறிவுரை, மற்றது வாசலிலேயே நிறுத்தும் தடை. இந்தியாவில் 1983 முதல் இருந்துவந்த யு/ஏ பிரிவு, 2023-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தத்தால் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இவை மூன்றும் பெற்றோர் தாமே முடிவெடுப்பதற்கான குறிப்புகள். 'ஏ' சான்றிதழ் மட்டுமே 18 வயது நிரம்பாதவர்களைச் சட்டப்படி தடுக்கிறது. ஓடிடி தளங்கள் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இதே மாதிரியான வகைகளைப் பயன்படுத்துகின்றன என்றாலும், அங்கே வகைப்படுத்துவது தளமேதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிஜி-13 வெறும் எச்சரிக்கை. ஆர் என்றால் 17 வயதுக்கு உட்பட்டவர் பெரியவர் துணையுடன்தான் அரங்கத்துக்குள் போக முடியும். பிரிட்டனின் 12ஏ பிரிவில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் பெரியவருடன் வரலாம், ஆனால் 15 என்று குறித்த படத்துக்கு 14 வயதுப் பிள்ளையை யார் கூட்டிப்போனாலும் அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவின் எம் அறிவுரை, எம்ஏ15+ கட்டுப்பாடு. சிங்கப்பூரின் என்சி16 என்பது 16 வயது நிரம்பாதவர்களுக்கு முழுத் தடை. எனவே "13 என்று போட்டிருக்கிறது, என் பிள்ளைக்கு 13 ஆகிவிட்டது" என்பது போதிய காரணம் ஆகாது. பல நாடுகளில் அந்த எண்ணின் பொருளே "பெற்றோரே, பார்த்து முடிவெடுங்கள்" என்பதுதான்.

இந்த இடைநிலைப் பிரிவுகளுக்கும் அதிரடிப் படங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிஜி-13 பிரிவு 1984-இல் தோன்றியதே, அந்தக் கோடையில் வெளிவந்த சில சாகசப் படங்களைச் சிறு பிள்ளைகளுடன் பார்த்த பெற்றோர் எழுப்பிய எதிர்ப்பால்தான். பிரிட்டனின் 12ஏ பிரிவு 2002-இல் அறிமுகமானபோது அந்தச் சான்றிதழுடன் வெளிவந்த முதல் படம் 'தி போர்ன் ஐடென்டிட்டி' என்னும் உளவாளிப் படம். தயாரிப்பாளர்களுக்கு இந்தப் பிரிவு பொன்முட்டையிடும் வாத்து; பெரியவர்களும் வருவார்கள், பதின்பருவத்தினரும் வருவார்கள். ஆகவே கதையை எழுதும்போதும் படத்தைத் தொகுக்கும்போதும் அந்தக் கோட்டைத் தாண்டாமல், அதே சமயம் கோட்டை ஒட்டியே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ரத்தம் கோட்டைத் தாண்டவைக்கும், துப்பாக்கி அவ்வளவு எளிதில் தாண்டவைக்காது. எனவே ரத்தம் குறைந்தது, துப்பாக்கி கூடியது. அதிக வசூல் பெற்ற படங்களை ஆராய்ந்து 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-இலிருந்து மூன்று மடங்குக்கு மேல் பெருகியதாகவும், 2012 வாக்கில் ஆர் சான்றிதழ் படங்களில் உள்ளதையும் அது விஞ்சிவிட்டதாகவும் கண்டது. மறுபக்கம், பாலியல் சார்ந்த கடுமையான வசைச்சொல் ஒரு தடவைக்கு மேல் வந்தாலே அமெரிக்காவில் படம் பெரும்பாலும் ஆர் பிரிவுக்குப் போய்விடும். வீட்டில் எந்தத் தீங்கு பெரிது என்று நீங்கள் நினைக்கும் வரிசையும் சான்றிதழ் வழங்குவோரின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விளக்க வரியை வாசிக்கச் சொல்கிறேன். "வன்முறை" என்று மட்டும் இருப்பதும் "இடைவிடாத தீவிர வன்முறை" என்று இருப்பதும் வேறு. பிரிட்டன் வாரியத்தின் வழக்கில் "மிதமான வன்முறை" 12 வயதுப் பிரிவுக்கு உரிய சொல், "கடுமையான வன்முறை" 15 வயதுப் பிரிவுக்கு உரியது. சித்திரவதை, பாலியல் மிரட்டல், தற்கொலை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று அந்த வரியில் தனியே குறிப்பிடப்பட்டிருந்தால், மேற்கொண்டு விசாரிக்காமல் சம்மதிக்க வேண்டாம்.

இன்னொரு பயனுள்ள உத்தி, ஒரே படத்துக்குப் பல நாடுகள் கொடுத்த வயதை ஒப்பிடுவது. எல்லா நாடுகளும் 12, 13 என்ற அளவிலேயே நின்றிருந்தால் படத்தில் அதிர்ச்சியூட்டும் தனிக்காட்சி இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. ஒரு நாடு 12 என்றும் இன்னொரு நாடு 16 என்றும் சொன்னால், ஏதோ ஒரு காட்சியிலோ கூறிலோ அவை கருத்து வேறுபட்டிருக்கின்றன. அது எது என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். 2006-இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தின் சித்திரவதைக் காட்சி, பிரிட்டனில் 12ஏ கிடைப்பதற்காகக் குறைக்கப்பட்டது. இவ்வாறு திரையரங்குக்காக வெட்டப்பட்ட பகுதிகள் வட்டுகளிலோ இணையப் பதிப்புகளிலோ திரும்பவும் சேர்க்கப்படுவது உண்டு. படத்தின் ஓடும் நேரம் திரையரங்கப் பதிப்பைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக இருந்தாலோ, "வெட்டப்படாத பதிப்பு" என்று பெருமையாக அச்சிட்டிருந்தாலோ, பழைய சான்றிதழை அதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

நுணுக்கமான தகவலைத் தேடுதல்

அடுத்து, காட்சி வாரியான குறிப்புகளைத் தேட வேண்டும். ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டி என்ற பகுதி இருக்கிறது; பாலியல், வன்முறை, வசைமொழி, மது மற்றும் போதைப்பொருள், அச்சுறுத்தும் காட்சிகள் என்று தனித்தனித் தலைப்புகளில் பார்வையாளர்களே எழுதுகிறார்கள். காமன் சென்ஸ் மீடியா தளம் தன் கணிப்பில் ஒரு வயதைச் சொல்லி, அதற்கான காரணங்களையும் தருகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் சொன்ன வயதையும் பக்கத்திலேயே காணலாம். கிட்ஸ்-இன்-மைண்ட் தளம் வயது எதையும் பரிந்துரைக்காமல், பாலியல், வன்முறை, மொழி ஆகியவற்றுக்கு பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு நிகழ்வுகளை வரிசையாக எழுதிவிடுகிறது. எனக்குப் பிடித்த முறை இந்தக் கடைசி வகைதான். முடிவை அது என்னிடமே விட்டுவிடுகிறது.

இவற்றை வாசிக்கும்போது அடைமொழிகளைத் தள்ளிவிட்டு வினைச்சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மிகக் கொடூரம்" என்று ஒருவர் எழுதியதில் தகவல் எதுவும் இல்லை. "நாற்காலியில் கட்டி விரலை முறிக்கிறார்கள், அலறல் கேட்கிறது, கை காட்டப்படவில்லை" என்று எழுதியதில் எல்லாம் இருக்கிறது. கதையின் திருப்பங்கள் இதனால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இழப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். டிரெய்லரை நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது: அது பொதுப் பார்வையாளர்களுக்குக் காட்டப்படுவதற்காகவே துடைத்துத் தரப்படுகிறது.

நீங்களே பார்க்க வேண்டிய காட்சிகள்

முடிந்தால் முழுப் படத்தையும் தனியாகப் பார்த்துவிடுவதைவிடச் சிறந்த வழி இல்லை. முடியாதபோது, உளவாளிப் படங்களின் அமைப்பு ஓரளவு மாறாததாக இருப்பதால், மூன்று நான்கு இடங்களைத் தேடிப் பார்த்தாலே படத்தின் போக்கு பிடிபட்டுவிடும்: பெயர்கள் ஓடுவதற்கு முன் வரும் தொடக்கத் தாக்குதல், கதாநாயகன் செய்யும் முதல் கொலை, யாரேனும் ஒருவரைக் கட்டிவைத்துத் தகவல் கறக்கும் விசாரணை, கதாநாயகனுக்கு வேண்டியவர் ஒருவர் இறக்கும் இடம். உச்சக்காட்சியை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. அங்கே பொதுவாக வெடிச்சத்தம் அதிகமாகவும் அர்த்தம் குறைவாகவும் இருக்கும்.

ஒவ்வொரு காட்சியையும் முதலில் ஒலியுடன், பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி இசைதான் பார்வையாளருக்கு எப்போது துள்ள வேண்டும், எப்போது கலங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அது இல்லாதபோது, மனிதர் ஒருவர் இன்னொரு மனிதரை என்ன செய்கிறார் என்பது மட்டும் எஞ்சி நிற்கும். ஒலியோடு பார்க்கையில் உற்சாகமாக இருந்து, ஒலியின்றிப் பார்க்கையில் அருவருப்பாக இருக்கும் காட்சி, இசையைக் கொண்டு வன்முறையைக் கொண்டாட வைக்கும் காட்சி.

பிறகு சில கேள்விகள். செத்துப்போகிறவருக்கு முகமும் பெயரும் உண்டா, அல்லது தலைக்கவசம் அணிந்த வெறும் உருவங்களா? அடிபட்டவரின் வலி அடுத்த காட்சி வரை நீடிக்கிறதா? மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்த கதாநாயகன் அடுத்த நிமிடம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு விருந்துக்குப் போகிறானா? கொன்றவுடன் ஒரு நகைச்சுவை வசனம் வருகிறதா? கார் துரத்தலில் சிதறும் கடைகளுக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் ஒரு கணமாவது திரும்பிப் பார்க்கிறதா? கேமரா துப்பாக்கியை நெருங்கி வருடுகிறதா, சுடப்பட்டவரின் முகத்தை நெருங்குகிறதா?

இந்தக் கேள்விகள் என் சொந்த ரசனையிலிருந்து பிறந்தவை அல்ல. 1990-களின் நடுவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில இணைந்து நடத்திய தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு, வன்முறையின் அளவைவிட அதன் சூழலே பார்வையாளரிடம் ஏற்படும் விளைவைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படையில்தான் நிகழ்ச்சிகளை வகைப்படுத்தியது. வன்முறை செய்பவர் கவர்ச்சியானவராக இருப்பது, செய்தது நியாயம் என்று காட்டப்படுவது, ஆயுதம் முன்னிற்பது, தண்டனை இல்லாமல் போவது, நகைச்சுவையுடன் கலப்பது ஆகியவை வன்முறையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டுபவை என்றும், வலியும் பின்விளைவும் காட்டப்படுவது அதைக் குறைப்பது என்றும் முந்தைய ஆராய்ச்சிகளிலிருந்து அவர்கள் தொகுத்தார்கள். இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். கூட்டுபவை அனைத்தும் சேர்ந்தால் கிடைப்பது கிட்டத்தட்ட உளவாளிப் படக் கதாநாயகனின் சித்திரம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுவார்கள். வலியை உண்மையாகக் காட்டும் படம் பார்ப்பதற்குக் கடினமானது, உயர்ந்த வயதுச் சான்றிதழ் பெறுவது. ஆனால் அது வன்முறையை இனிப்பாக்குவதில்லை. வலியை மறைக்கும் படம் பார்ப்பதற்கு எளிது, குறைந்த வயதுச் சான்றிதழ் பெறுவது. ஆனால் கொலை என்பது திறமையான வேலை என்ற எண்ணத்தைச் சத்தமில்லாமல் விதைத்துவிடும். அதாவது அச்சம், வியப்பு என்று இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் உள்ளன. ஒன்றைக் குறைக்கும் படம் மற்றதைக் கூட்டலாம். உங்கள் பிள்ளை இவற்றில் எதற்கு எளிதில் ஆட்படக்கூடியவர் என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியும்.

வில்லன்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இனத்தவரோ மதத்தவரோ நாட்டவரோ மட்டும் பயங்கரவாதிகளாக வரிசையில் நிற்கிறார்களா, முகத்தில் தழும்பும் உடற்குறையும் தீயவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா, பெண் பாத்திரம் கதாநாயகனுக்குப் பழிவாங்கும் காரணம் தருவதற்காகவே கொல்லப்படுகிறாளா என்பதைச் சான்றிதழ் வாரியங்களின் ஒருவரிக் குறிப்புகள் பொதுவாகச் சொல்வதில்லை. அந்த இனத்தையோ குறைபாட்டையோ சேர்ந்த பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், ரத்தத்தைவிட இது ஆழமாகக் காயப்படுத்தும்.

விசாரணைக் காட்சியைத் தனியே எடைபோடுங்கள்

உளவாளிப் படத்தில் ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்ற அதிரடிப் படங்களிலும் சண்டை இருக்கும், துரத்தல் இருக்கும். கட்டிவைக்கப்பட்ட மனிதரிடம் வலியின் மூலம் உண்மையைக் கறப்பது இந்த வகைப் படத்துக்கே உரிய வழக்கம். வில்லன் கதாநாயகனைச் சித்திரவதை செய்யும்போது அது கொடுமை. கதாநாயகன் அதையே செய்யும்போது அது கடமை. வில்லன் செய்யும்போது தகவல் கிடைப்பதில்லை. கதாநாயகன் செய்யும்போது அரை நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது, அதுவும் பொய் கலக்காத தகவல். வெடிகுண்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், வேறு வழியே இல்லை என்று கதை நம்மை மூலையில் நிறுத்தியிருக்கும்.

பதினைந்து வயதில் ஒருவர் இதைப் பத்துப் படங்களில் பார்த்தால், சித்திரவதை வருத்தத்துக்குரியது, ஆனால் வேலைசெய்யும் என்ற கருத்து அவருக்குள் கேள்வியின்றிக் குடியேறிவிடும். நிஜம் வேறு விதமாக இருக்கிறது. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கம், சிஐஏ கையாண்ட கடுமையான விசாரணை முறைகள் தகவல் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்று முடிவுசெய்தது. அம்முறைக்கு ஆளானவர்கள் புனைந்துசொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது. சிஐஏ அந்த முடிவை முழுவதுமாக ஏற்கவில்லை என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும். சட்டத்தின் நிலை இன்னும் தெளிவானது: ஐக்கிய நாடுகள் சபை 1984-இல் ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, போர் உள்ளிட்ட எந்த விதிவிலக்கான சூழ்நிலையையும் சித்திரவதைக்கு நியாயமாகக் காட்ட முடியாது என்கிறது.

ஆகவே இந்தக் காட்சியில் பார்க்க வேண்டியது, கருவி என்ன, எவ்வளவு நேரம் என்பதோடு முடிவதில்லை. படம் அந்தச் செயலுக்கு விலை ஏதேனும் வைக்கிறதா? செய்தவன் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லாவது பேசுகிறானா? உடன் இருப்பவர் யாரேனும் முகம் திருப்புகிறாரா? இத்தகைய சிறு எதிர்ப்பு ஒன்று படத்துக்குள்ளேயே இருந்தால், பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையுடன் அமர்ந்து பார்த்துப் பேசுவதற்கு அது நல்ல படமாகவும் ஆகலாம். எதுவுமே இல்லாமல் கைத்தட்டலுக்கு மட்டும் அமைந்த காட்சியாக இருந்தால், சான்றிதழில் 13 என்று இருந்தாலும் 13 வயதுப் பிள்ளையைத் தனியே பார்க்க விடமாட்டேன் என்பதே என் நிலைப்பாடு.

உங்கள் கண் மரத்துப்போவதற்கு முன்

ஓர் எச்சரிக்கை பெற்றோருக்கும் உண்டு. 2014-இல் அதே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த மற்றோர் ஆய்வில், ஆயிரம் பெற்றோருக்குப் பல படங்களின் வன்முறைக் காட்சிகளும் பாலியல் காட்சிகளும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டு, ஒவ்வொன்றையும் எந்த வயதிலிருந்து பார்க்கலாம் என்று கேட்கப்பட்டது. வன்முறைக்கு முதல் காட்சியின் முடிவில் அவர்கள் சொன்ன சராசரி வயது 16.9, கடைசிக் காட்சியின் முடிவில் அது 13.9 ஆகக் குறைந்திருந்தது. சில நிமிடங்களில் மூன்று வயது. இதற்கு மருந்து ஒன்றுதான்: முதல் வன்முறைக் காட்சியைப் பார்த்தவுடன் நிறுத்தி, என்ன வயது என்று தோன்றுகிறதோ அதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். படம் முழுவதும் பார்த்த பிறகு அந்த எண்ணைக் குறைக்க விரும்பினால், எதனால் குறைக்கிறீர்கள் என்று உங்களுக்கே காரணம் சொல்லத் தெரிய வேண்டும். நிறையப் படம் பார்க்கும் பெற்றோர் இந்த விஷயத்தில் தம்மைவிடக் குறைவாகப் பார்க்கும் துணைவரின் முகத்தைக் கவனிப்பது நல்லது.

படத்திலிருந்து பிள்ளைக்கு

பதின்பருவம் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பதின்மூன்றும் பதினேழும் இரண்டு உலகங்கள். சிறு பிள்ளைகள் திரையில் தெரியும் உருவத்தைக் கண்டு பயப்படுவார்கள். வளர வளரப் பயம் உருவத்திலிருந்து நிகழக்கூடிய விஷயத்துக்கு இடம்பெயர்கிறது. ரயில் நிலையத்தில் குண்டு வைப்பது, தண்ணீரில் நஞ்சு கலப்பது, நம்பியவரே காட்டிக்கொடுப்பது போன்றவை உளவாளிப் படங்களின் அன்றாடப் பொருள்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் இவை "நமக்கும் நடக்கலாம்" என்று உறைக்கத் தொடங்குகின்றன. அந்த வயதுப் பிள்ளை படம் பார்க்கும்போது சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ரயிலில் ஏறும்போது பைகளை வெறித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பதினாறு, பதினேழு வயதில் அச்சம் பெரும்பாலும் குறைந்து, அந்த இடத்தைக் கதாநாயகனின் நிதானமும் திமிரும் பிடித்துக்கொள்ளும்.

வயதுக்கு அப்பால், பிள்ளையின் சொந்த வரலாறு இருக்கிறது. விபத்தில் ஒருவரை இழந்தவர், போரிலிருந்தோ கலவரத்திலிருந்தோ வெளியேறி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், வீட்டில் அடியைப் பார்த்து வளர்ந்தவர், அண்மையில் கொடுமைப்படுத்தலுக்கு ஆளானவர் ஆகியோருக்கு மற்றவர்கள் சாதாரணமாகக் கடந்துபோகும் காட்சி பழைய காயத்தைக் கிளறலாம். இத்தகைய நிலையில் எந்தச் சான்றிதழும் உதவாது.

"உனக்குப் பயமாக இருக்குமா?" என்று நேரடியாகக் கேட்பதில் பயனில்லை, எந்தப் பதினான்கு வயதுக்காரரும் ஆம் என்று சொல்லமாட்டார். மாறாக, "இதுவரை எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினாய்?", "எந்தக் காட்சி படுக்கைக்குப் போன பிறகும் ஞாபகம் வந்தது?" என்று கேட்டால் உண்மையான விடை கிடைக்கும். பல பிள்ளைகள் சேர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்றால், அறையில் இருப்பவர்களில் மிகவும் எளிதில் கலங்கும் பிள்ளையை வைத்து முடிவெடுங்கள். பெரும்பாலும் அது வயதில் இளையவர்தான், எப்போதும் அல்ல.

பார்க்கலாம் என்றால் எப்படிப் பார்ப்பது

முடிவு பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்ற இரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. தனியே பார்க்கலாம், என்னுடன் பார்க்கலாம், ஒரு காட்சியைத் தாண்டிப் பார்க்கலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற இடைநிலைகள் உள்ளன. எனக்குத் தெரிந்த வரையில் பெரும்பாலான உளவாளிப் படங்கள் 13, 14 வயதினருக்கு இரண்டாவது நிலையில்தான் வந்து நிற்கும்.

உடன் அமர்ந்து பார்ப்பது என்றால் கைபேசியைத் துழாவிக்கொண்டு பக்கத்தில் இருப்பது அன்று. படம் ஓடும்போது உபதேசம் செய்வதும் அன்று. நடுவில் நிறுத்தி நீதி சொன்னால் அடுத்த முறை உங்களுடன் பார்க்கவே வரமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொல்லலாம் என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த உரிமையை முதலில் நீங்களே ஒருமுறை பயன்படுத்திக் காட்டுங்கள். தாண்ட வேண்டிய காட்சியின் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் பதற்றமின்றித் தாண்டலாம். பகலிலோ மாலையிலோ பாருங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள், நள்ளிரவில் முடியும் துரத்தல் காட்சி அதில் இரண்டு மணி நேரத்தையாவது தின்றுவிடும்.

பேச்சைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவும் கேள்வியாக. "அந்தக் காவலாளி வேலைக்கு வந்த சாதாரண ஆள்தானே, அவனை ஏன் கொல்ல வேண்டியிருந்தது?" என்ற ஒரு கேள்வி அரை மணி நேர விவாதத்துக்குப் போதும். உளவாளி வேலையின் நிஜம் பெரும்பாலும் ஆவணங்கள், காத்திருப்பு, ஆட்களைப் பழக்கிக்கொள்வது என்று சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவானது என்பதைச் சொன்னால், வியப்பு கொஞ்சம் இறங்கும். சில பிள்ளைகளுக்கு உண்மையான வரலாற்றில் ஆர்வமும் வரும்.

பார்த்த பிறகு இரண்டு மூன்று நாள்கள் தூக்கம், எரிச்சல், தனியாக இருக்கத் தயங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஓடிடி கணக்கில் பிள்ளைக்குத் தனி முகப்பு வைத்து, பூட்டின் வயதை நீங்கள் முடிவுசெய்த அளவுக்கு மாற்றி, படம் முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு படத்துக்குக் கொடுத்த சம்மதம் அந்த வரிசையில் உள்ள எல்லாப் படங்களுக்கும் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது. ஒரே கதாநாயகனின் தொடரிலும் பின்னால் வரும் படங்கள் முந்தையவற்றைவிடக் கடுமையாக இருப்பது வழக்கம்.

வேண்டாம் என்று சொல்லும்போது

காரணத்தைக் காட்சியின் பெயரில் சொல்லுங்கள், பிள்ளையின் பெயரில் சொல்லாதீர்கள். "உனக்கு அந்த முதிர்ச்சி இல்லை" என்பது அவமானம். "நடுவில் பத்து நிமிடம் ஒருவரைக் கட்டிவைத்துத் துன்புறுத்துகிறார்கள், அதை அந்தப் படம் வேடிக்கையாகக் காட்டுகிறது, எனக்கே பிடிக்கவில்லை" என்பது காரணம். எப்போது மறுபடி பேசலாம் என்று ஒரு காலத்தையும் சொல்லி, அதை மறக்காமல் நீங்களே மீண்டும் எடுக்க வேண்டும். புத்தி சாதுரியத்தாலும் மறைகுறியீடுகளாலும் நகரும், அடிதடி குறைந்த உளவுக் கதை ஒன்றை மாற்றாகத் தேடி வைத்திருந்தால் மறுப்பின் கசப்பு பாதியாகும்.

மறுத்த படத்தைப் பிள்ளை நண்பர் வீட்டில் பார்த்துவிட்டு வரவும் கூடும். அப்போது விசாரணை அதிகாரி வேடம் போட வேண்டாம், தண்டனையை முதலில் எடுக்கவும் வேண்டாம். தண்டித்தால் அடுத்த முறை பார்த்ததே தெரியாமல் போகும். படம் எப்படி இருந்தது, எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள். நீங்கள் எந்தக் காட்சிக்காக மறுத்தீர்களோ அதைப் பிள்ளையே எடுத்துப் பேசினால் மேலே சொன்ன கேள்விகளை அங்கிருந்தே தொடரலாம். அதைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் பேசினால், ஒரு நாள் விட்டுவிட்டு, நீங்களும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பதாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.